குடையை மறந்துவிட்டேன்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடையில் ஈ ஓட்டினோம். முதலாளி கண்ணாடி அலமாரியை மூன்று முறை துடைத்துவிட்டு, நான்காவது முறை என்னைத் துடைக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்கு அந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் வந்தார். போன வாரம் ஆர்டர் கொடுத்திருந்த படிக்கிற கண்ணாடி தயார். மாட்டிவிட்டு, காதுப் பக்கம் கொஞ்சம் வளைத்து, வழக்கம்போல அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன், அந்த அட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அது வந்த கதை இதுதான். கடையில் முன்பு இருந்த அட்டையில் ஏதோ உர விளம்பரம் மாதிரி வாசகம். ‘நீதான் எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமா இருக்கியேம்மா, நல்லதா நாலு வரி எழுதிக் குடு’ என்றார் முதலாளி. நான் யோசிக்கவே இல்லை. பதின்மூன்று வயதில் படித்த ஒரு நாவலின் முடிவை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. இருபத்திரண்டு வருஷமாக இந்த வட்டாரத்துக் கண்கள் எல்லாம் அதைத்தான் படிக்கின்றன:

மழை விட்டிருந்தது.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
அவள் போய்த் திறந்தாள். அப்பா நின்றிருந்தார்.
ஏழு வருஷத்துத் தாடி. அதே சிரிப்பு.
“குடையை மறந்துவிட்டேன்” என்றார்.
குடை கதவுக்குப் பின்னால், வைத்த இடத்திலேயே இருந்தது.

கண்டக்டர் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இது அந்தப் பச்சை அட்டை நாவல்தானே? படகுக்காரர் காணாமப் போவாரே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்த இன்னொரு ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

“ஆமாங்க! அதேதான்!”

“ஆனா அது இப்படி முடியாதேம்மா.”

“இல்லங்க, இப்படித்தான்.”

“என்கிட்ட புத்தகமே இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன், நீங்களே பாருங்க” என்றார். டிக்கெட் வாங்காமல் ஏறினவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

வயசானவர். வேறு எதையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

கொண்டுவந்துவிட்டார். அதே பச்சை. முகர்ந்து பார்த்தேன். முதலாளி பார்த்துவிட்டார், பார்க்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

கடை விட்டு வந்து, கால் கழுவி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம், மகளும் வேலைக்கு வேறு ஊர். ஏன் இன்னும் சமைக்கவில்லை என்று கேட்க ஆளில்லை. படிக்கிறவளுக்கு இது ஒரு வசதிதான். மற்ற நேரத்தில் வசதி இல்லை.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஆற்றில் படகு ஓட்டுகிறவர் ஒருநாள் குடையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறார், திரும்பவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த அந்தக் குடையை யாரும் தொடக்கூடாது என்று அவர் மகள் காவல் காக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் பக்கத்தைத் திருப்பத் திருப்ப, கதை நடக்கிற ஆற்றங்கரையை விட எங்கள் பழைய மாடிப்படிதான் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடம். அங்கே ஒரு ஜன்னல். நல்ல வெளிச்சம். அதுதான் எனக்கும் அக்காவுக்கும் வாசக சாலை. நூலகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு புத்தகம், படிக்க இரண்டு பேர். அதற்கு அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அவளுக்குச் சிவப்பு நூல், எனக்கு நீல நூல். அவரவர் நிறுத்திய பக்கத்தில் அவரவர் நூல். முந்திப் போனவள் வாயைத் திறக்கக்கூடாது. கடைசிச் சொல்லைப் படித்து முடித்த பிறகுதான் நூல் பின்னட்டைக்குள் போகலாம்.

சிவப்பு எப்போதும் முன்னால்தான் இருக்கும். அக்காவுக்கு என்னை விட நான்கு வயது அதிகம், வாசிப்பில் நாற்பது வயது அதிகம். அவள் வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் மூஞ்சி ஊர் முழுக்கத் தண்டோரா போடும். ‘நீ மூக்கைச் சுருக்கறே, அப்ப அவன் செத்துட்டானா?’ என்பேன். ‘போடி வாலு’ என்று புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

மூன்று வருஷமாக நான் அவளோடு பேசவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முடித்துவிட்டேன். கண்டக்டர் சொன்னதுதான் சரி.

அப்பா வரவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் மழை விடவும் இல்லை. அந்தப் பெண் முதல்நாள் வேலைக்குக் கிளம்புகிறாள். ஏழு வருஷம் யாரும் தொடாத குடையை எடுத்து விரிக்கிறாள். அது அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அதோடு முடிந்துவிட்டது.

அப்படியானால் என் அட்டை?

நாங்கள் படித்த நூலகப் புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. நான் அங்கே வந்து சேர்ந்தபோது கிழிந்த ஓரம் மட்டும் இருந்தது. அழாத குறையாக அக்காவிடம் ஓடினேன். ‘எனக்கும் அப்படித்தாண்டி இருந்துச்சு. என் கிளாஸ்ல ஒருத்தி முன்னாடியே படிச்சிருக்கா, அவகிட்ட முடிவு கேட்டுட்டு வந்தேன்’ என்று சொல்லி, படியில் உட்கார்ந்து அந்த முடிவைச் சொன்னாள். தாடி, சிரிப்பு, ‘குடையை மறந்துவிட்டேன்’ எல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

வகுப்பிலே ஒருத்தியாம். எவளும் இல்லை. மொத்தமும் அவள் கைச்சரக்கு!

இன்று உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஏழு வருஷம் காணாமல் போன ஆள் வந்து குடையைக் கேட்கிறார் என்று பதினேழு வயதில் யோசிக்க யாரால் முடியும்? முப்பத்தெட்டு வருஷம் நம்பியிருக்கிறேன். ஊரையே படிக்கவும் வைத்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் நூலகர் நினைவு வந்தார். திரும்பி வரும் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று கிழிந்த ஓரம் விரலில் பட்டது. புத்தகம் என் கார்டில் எடுத்தது. ‘படிக்க வந்தியா, கிழிக்க வந்தியா?’ என்று அத்தனை பேர் முன்னால் கேட்டு, கார்டை நான்காக மடித்துக் கூடையில் போட்டார். ‘நான் எடுத்துட்டுப் போகும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு’ என்று எத்தனை முறை சொன்னேன். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, திங்கள்

சிவப்பு நூல் அப்போது எங்கே இருந்தது?

மார்ச் 12, புதன்

பின்னட்டைக்குள் இருந்தது. இரண்டு நாளாக மனதைக் குடைந்து பார்த்துவிட்டேன். நன்றாக நினைவிருக்கிறது. புதன்கிழமை சாயங்காலமே சிவப்பு நூல் பின்னட்டைக்குள் போய்விட்டது. நான் முடிவுக்கு வந்தது சனிக்கிழமை.

சட்டம் போட்டவள் அவள். கடைசிச் சொல்லைப் படிக்காமல் நூலை அங்கே வைக்கிற ஆளே இல்லை. அதோடு, புத்தகத்தில் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாளா? மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருக்க மாட்டாள்?

அப்ப அவ படிக்கும்போது தாள் இருந்திருக்கு. படிச்சிருக்கா. கிழிச்சிருக்கா. கிழிச்சிட்டு, நான் திருடி மாதிரி நிக்கும்போது அலமாரியப் பாத்துட்டு நின்னிருக்கா!

பதிமூணு வயசுப் பொண்ணு, அந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா உனக்கு? ஏண்டி கிழிச்சே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா என்ன?

எழுத்து கோணுகிறது. மூன்று வருஷக் கோபமே இன்னும் செரிக்கவில்லை, அதற்குள் இது வேறு. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு மூட்டைப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்தாளே, அந்தக் கோபம். எல்லோரும் இருக்கும்போதே ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று கேட்டேன். ‘இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்’ என்றும் சொன்னேன்.

சொன்னது தப்பே இல்லை என்று இன்று தோன்றுகிறது.

மார்ச் 14, வெள்ளி

அத்தான் கடைக்கு வந்தார். ஃப்ரேமில் ஒரு திருகாணி கழன்றுவிட்டதாம். அவர் வீட்டிலிருந்து இங்கே வரும் வழியில் ஆறு கண்ணாடிக் கடை இருக்கிறது. திருகாணி ஒரு சாக்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முடுக்கிக் கொடுத்தேன். மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

“புதன்கிழமை உங்கக்காவுக்குக் கண்ணுல ஆபரேஷன். புரை.”

“அதெல்லாம் இப்ப சாதாரணம் அத்தான். அரைமணி நேர வேலை.”

“ரெண்டு கண்ணும் இருக்கறவங்களுக்குச் சாதாரணம்மா. அவளுக்கு இருக்கறது ஒண்ணுதானே.”

கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. “ஒண்ணா?”

“இடது கண்ணு போச்சே. கண்ணுல பிரஷர். வலி கிலி ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வந்திருக்கு. அத்தை தவறின சமயத்துலயே பாதிக்கு மேல போயிருந்துச்சாம். வலதுல அப்பவே புரை ஆரம்பம். வீட்டக் காலி பண்ணப்போ எந்தப் புத்தகம் எதுன்னுகூட அவளுக்குத் தெரியல. அட்டை எல்லாம் ஒரே மங்கல்னு வந்து சொன்னா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தா. நீ கழுதை கற்பூரம்னதும் வாய மூடிக்கிட்டா. உன்கிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு எனக்கும் சத்தியம். இன்னிக்கு உடைச்சுட்டேன்.”

அவர் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எதிரில் உட்காருகிறவர் காகிதத்தை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார், தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று பார்த்தே கண்ணில் கோளாறு என்று சொல்லிவிடுவேன் எனக் கடையில் எனக்குப் பெயர். வீடு காலி செய்த அன்று காலையில் அக்கா புத்தகங்களை எடுத்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

நேற்றைய அழுகையில் இன்னொன்றும் பிடிபட்டது. ‘ஏண்டி கிழிச்சே’ என்று புதன்கிழமை இங்கே எழுதினேனே, அதற்கு இந்த நோட்டே பதில் சொல்லும். கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும்.

அப்பா வெளியூர் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். கடிதம் வருவது குறைந்து, நின்று, பிறகு ஒன்று வந்தது. அவருக்கு அங்கே வேறு குடும்பம், இனி வரப்போவதில்லை. என் பரீட்சை முடிந்த அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். ‘ரெண்டு மாசம் முன்னாடியே வந்துருச்சு, உன் படிப்பு கெடுமேன்னு சொல்லல’ என்றாள் அம்மா. இரண்டு மாதம் முன்னால் என்றால் பச்சை அட்டைப் புத்தகம் வீட்டில் இருந்த வாரம்.

அந்த வாரம் ‘படகுக்காரர் வந்துடுவார்லக்கா?’ என்று நான் அவளை எத்தனை முறை கேட்டேன் என்பதும் நினைவுக்கு வருகிறது. படகுக்காரரைப் பற்றித்தான் கேட்டேனா?

ஒன்று சொல்லவேண்டும். அந்த இரண்டு மாதமும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் ஓடுவேன். அவளுடைய முடிவு எனக்குக் கொடுத்தது அது. நல்லதா கெட்டதா? இன்றும் தெரியவில்லை. ஆனால் என் வாழ்க்கையிலேயே நான் ஆசையாகப் படித்துப் பரீட்சை எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பள்ளியை முடித்த கையோடு அக்கா ஒரு துணி கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். தன் நூலகக் கார்டை என்னிடம் கொடுத்தாள். ‘எனக்குக் கதையெல்லாம் அலுத்துப்போச்சு, நீயே வெச்சுக்கோ’ என்றாள். நான் எவ்வளவு மடச்சி, அதையும் நம்பினேன். அந்தக் கார்டில் எடுத்துப் படித்துப் படித்துத்தான் ‘புத்தகமும் கையுமா இருக்கிறவள்’ என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அவளைக் கழுதை என்றேன்.

கொஞ்சம் பெரிய குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன அந்தப் பெண் அக்காதான். அவள் அந்தத் தாளைப் படித்த அன்று அவளுக்கு வயது பதினேழு.

மார்ச் 18, செவ்வாய்

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர், எல்லோருக்கும் பச்சைத் தொப்பி, நெற்றியில் எந்தக் கண் என்று பிளாஸ்திரி ஒட்டிய அடையாளம். நடுவில் அக்கா. இளைத்துவிட்டாள். நான் போய் எதிரில் நின்றேன். அவளுக்கு உருவம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

“யாரு?”

அவள் கையை நீட்டி என் விரலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டை விரலில், இருபது வருஷமாகத் திருகாணி முடுக்கி முடுக்கிக் காய்ப்பு.

“என் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னியே?”

“இது ஆஸ்பத்திரி வாசப்படிதானே.”

“அதானே பாத்தேன். சொன்ன சொல் தவற மாட்டியே நீ” என்று சிரித்தாள். பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். என் விரலை விடவில்லை, நர்ஸ்தான் பிரித்துவிட்டார்.

அரைமணி நேரம் என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். ஒரு மணி இருபது நிமிஷம். அத்தான் ஒரே நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் வெளியே வந்து, ‘நல்லபடியா ஆச்சு, எவ்வளவு தெரியும்னு கட்டுப் பிரிச்சப்புறம் சொல்றேன்’ என்றார்.

மார்ச் 20, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். என்னையே உற்றுப் பார்த்தாள். “இவ்வளவு நரையாடி உனக்கு?” என்றாள். மூன்று வருஷத்தில் யார் பேச்சும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்

தினமும் கடை விட்டதும் அவள் வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்து விடுகிறேன். அத்தான் விட்டால் மருந்து கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் விழுகிறதாம். வாசப்படியை மிதித்தாகிவிட்டது. முதல் நாள் வேண்டுமென்றே ஒரு தாண்டு தாண்டிப் போனேன், சிரித்தாள்.

‘கழுதைன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோக்கா’ என்று இன்று சொன்னேன். ‘அந்தக் கழுதை அன்னிக்கே பொதிய எறக்கிடுச்சு, நீ எதுக்கு இன்னும் சுமக்கற?’ என்றாள். புத்தகத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை நாக்கு நுனி வரை வந்தது. கண்ணில் மருந்து இருக்கும்போது அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று அக்கா கடைக்கு வந்தாள். ஆறு வாரம் ஆகப்போகிறது, படிக்கிற கண்ணாடிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கருப்பு ஃப்ரேம் வேண்டாம், வாத்தியார் மாதிரி இருக்கும் என்றாள். பழுப்பு எடுத்தோம். பவர் லென்ஸை மாட்டிவிட்டு, அட்டையைக் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இதைப் பார்த்ததில்லை.

“வாசிக்கா. மேலயிருந்து.”

“மழை விட்டிருந்தது” என்றாள். “யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் போய்த் திறந்தாள்.” நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அட்டையை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா நின்றிருந்தார். ஏழு வருஷத்துத் தாடி. அதே சிரிப்பு. குடையை மறந்துவிட்டேன் என்றார்.”

“பாக்காம சொன்னா பவர் எப்படிக்கா பாக்கறது?” என்றேன்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஒன்றரை மாசம் ஆச்சு. முழுப் புத்தகமும் கிடைச்சுது.”

முதலாளி நல்ல மனுஷன், வங்கிக்குப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

“மத்தியானம் அப்பா லெட்டர் வந்துச்சு. அம்மா படிச்சுட்டு என் கையில குடுத்தா. சாயங்காலம் அதே படியில உக்காந்து நான் இந்தக் கடைசிப் பக்கத்தப் படிக்கறேன். நீ கீழ்ப்படியில இருந்துட்டு, ‘வந்துடுவார்லக்கா’ங்கற. என்னத்தச் சொல்ல? நீ உள்ள போனதும் கிழிச்சுட்டேன். லெட்டர் போட்டவரத்தான் ஒண்ணும் பண்ண முடியல, கதையில வர்றவரயாவது கொண்டாந்து நிறுத்தலாம்னு நெனச்சேன்.”

“நூலகத்துல ஏன்கா சும்மா நின்னே?”

“நான்தான் கிழிச்சேன்னா, ஏன்னு கேப்பாரு. நீ பக்கத்துல நிக்கற.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மறுநாள் தனியாப் போய்ச் சொன்னேன். அப்ப என் கார்டையும் வாங்கிக் கூடையில போடுங்கன்னேன். அவர் அத என் கையிலயே திருப்பிக் குடுத்து, தங்கச்சிகிட்ட குடுத்துடு, அவளையே எடுக்கச் சொல்லுன்னுட்டாரு. எனக்கு அதுக்கப்புறம் அந்த அலமாரி முன்னால போய் நிக்க முகமில்லடி.”

நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். ஐம்பத்தொரு வயதில், கடை நேரத்தில், கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவே பார்க்க.

“சரி சரி, வாலு. கடைசி வரி எனக்கு மறந்துபோச்சு. குடை இருந்துச்சா இல்லையா?”

“அட்டையில பாத்துப் படி.”

எடுத்தாள். பொடி எழுத்து. தூரம் தள்ளி, கிட்டே கொண்டுவந்து, ஓர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

மே 11, ஞாயிறு

புத்தகத்தை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கண்டக்டர். அக்காவுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம்தான், அதற்கு மேல் கண் வலிக்கிறது. நானும் கூடவே இரண்டாம் முறை படிக்கிறேன். முதல் தடவையாக நீலம் முன்னால் போனது. ‘வாயத் திறந்தே, பாத்துக்கோ’ என்று தினமும் மிரட்டல்.

இன்று போனபோது சிவப்பு நூல் பின்னட்டைக்குள் இருந்தது. அவள் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் கடைசித் தாள்களை எண்ணிப் பார்த்தேன்.

“எல்லாம் இருக்குடி” என்று உள்ளிருந்து குரல் வந்தது.